ஸையான் கேன்யனில் மார்ச் கடைசி: வல்லூறு க்ளோஷர், ட்ராட் ரேக், சென்னையில் பழகுவது எங்கே?

மடிப்பாக்கம்_லீட் | ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். மார்ச் கடைசி வாரம் நாங்க ரெண்டு பேர் பாறை ஏற அமெரிக்கா போறோம், யூட்டா மாநிலம், ஸையான் தேசியப் பூங்கா. கையில ஒரு வாரம் இருக்கு. போல்ட் அடிச்ச ரூட்ல ரெண்டு பேரும் லீட் (முதல்ல ஏறி, கயித்தை மாட்டிக்கிட்டே போறது) பண்ணுவோம். ட்ராட்னா (பாதுகாப்புக் கருவியை நாமளே பிளவுல வச்சு ஏறுறது) இங்க குவார்ட்சைட்ல, கிரானைட்ல சின்னச் சின்ன பிட்ச் (ஒரு கயிறு நீளத்துக்குள்ள ஏறுற பகுதி) மட்டும்தான். மணற்கல்லைத் தொட்டதே இல்லை.

மார்ச் 1லேர்ந்து வல்லூறு கூடு கட்டுறதால பாறைங்களை மூடிடுவாங்கன்னு படிச்சேன். எல்லாத்தையுமா மூடுவாங்க? அப்படின்னா டிக்கெட்டை செப்டம்பருக்கு மாத்திடலாமா? ரேக்ல (கூட எடுத்துட்டுப் போற கருவித் தொகுப்பு) என்ன சைஸ் எத்தனை வேணும், ஜாம் பண்றதுக்கு (கையையும் காலையும் பிளவுல பூட்டி ஏறுறது) சென்னைல எப்படிப் பழகுறது, இதையும் சேர்த்துச் சொன்னா உதவியா இருக்கும்.

---

கூடுகாவல் | ஞாயிறு, இரவு 10:05

டிக்கெட்டை மாற்ற வேண்டாம். முழுப் பூங்காவையும் மூடுவதில்லை. முந்தைய ஆண்டுகளில் பொரி வல்லூறு முட்டையிட்ட பாறைகளை மட்டும் பட்டியல் போட்டு மார்ச் 1 அன்று மூடுவார்கள். அதன் பிறகு பூங்காவின் உயிரியலாளர்கள் தொலைநோக்கியோடு கீழே உட்கார்ந்து ஒவ்வொரு பாறையாகக் கண்காணிப்பார்கள். இந்த ஆண்டு எந்த இணையும் வராத பாறை ஏப்ரல் கடைசி, மே வாக்கில் திறந்துவிடும். இணை உட்கார்ந்த பாறை குஞ்சு பறக்கும்வரை, அதாவது கோடை முடியும்வரை மூடியே இருக்கும்.

நீங்கள் போகும் மார்ச் கடைசியில்தான் பட்டியல் மிக நீளமாக இருக்கும். எந்த இணை எங்கே உட்காரும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது, அதனால் சந்தேகமுள்ள எல்லாமே மூடியிருக்கும். பல ஆண்டுகளாகப் பட்டியலில் வரும் பெயர்களில் சில: ஏஞ்சல்ஸ் லேண்டிங், கேபிள் மவுண்டன், ஐசக், மவுண்டன் ஆஃப் தி சன், டனல் வால், ஈஸ்ட் டெம்பிள், ஸ்ட்ரீக்ட் வால், மவுண்ட் கினசாவா. கிரேட் ஒயிட் த்ரோன் கொஞ்சம் வித்தியாசம்: அடியில் இருக்கும் ஒன்று, இரண்டு பிட்ச் ரூட்டுகளை விட்டுவிட்டு அதற்கு மேலே மட்டும் மூடுவது வழக்கம். பட்டியல் ஆண்டுதோறும் மாறும். அதனால் கிளம்புவதற்கு முந்தின வாரம் பூங்காவின் இணையப் பக்கத்தில் ஒருமுறை, அங்கே போனதும் விசிட்டர் சென்டரில் ஒருமுறை பாருங்கள். பழைய கைடு புத்தகத்தையோ யாரோ எழுதிய பயணக் குறிப்பையோ நம்பாதீர்கள்.

ஏஞ்சல்ஸ் லேண்டிங்கில் பலர் குழம்புவார்கள். உச்சிக்குப் போகும் நடைபாதை திறந்திருக்கும் (2022 ஏப்ரலிலிருந்து அதற்குத் தனி பெர்மிட் வேண்டும்). சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் ஏறுவது தெரியும். அதை வைத்துப் பாறைமுகமும் திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நடைபாதைக் கூட்டம் ஒரே தடத்தில் போகும், பறவைக்குப் பழகிவிடும். கயிற்றில் தொங்கும் ஆள் கூட்டின் மட்டத்திலேயே வந்து நிற்பார், பறவை அதைத் தன்னை வேட்டையாட வரும் மிருகமாகத்தான் பார்க்கும்.

---

கருங்கல் | திங்கள், காலை 6:40

ரேக் பற்றி.

ஸையான் பாறை நவாஹோ மணற்கல். பிளவுகள் நீளமானவை, இரண்டு பக்கமும் இணையாக ஓடுபவை. குவார்ட்சைட்டில் பிளவு குறுகும் இடத்தில் நட்டை (கம்பி கோத்த சின்ன உலோக ஆப்பு) இறக்கி இழுத்தால் கடித்துக்கொள்ளும். அங்கே அப்படிக் குறுகும் இடங்கள் குறைவு. கேம்களை (பிளவுக்குள் விரிந்து பூட்டிக்கொள்ளும் கருவி) நம்பித்தான் ஏற வேண்டும், அதிலும் ஒரே சைஸ் பல வேண்டும். கேமலாட் என்ற கேம் வகையின் அளவில் 0.3 முதல் 2 வரை இரண்டிரண்டு, 3ஆம் நம்பர் ஒன்று, ஒரு செட் நட். இதுதான் அடிப்படை. ரூட்டின் டோப்போவில் (ரூட் வரைபடம்) "மூன்று" என்று எழுதியிருந்தால் மூன்றே கொண்டு போங்கள்; இரண்டை வைத்து நகர்த்தி நகர்த்தி ஏறுவது புதிதாக வருபவருக்கு ஆகாது.

அளவுகளை மனதில் பதிய வையுங்கள்: 0.3 என்பது 13.8 முதல் 23.4 மி.மீ., 0.5 என்பது 19.6 முதல் 33.5, 1 என்பது 30.2 முதல் 52.1, 2 என்பது 37.2 முதல் 64.9, 3 என்பது 50.7 முதல் 87.9. உங்கள் விரல், உள்ளங்கை, முஷ்டி எந்த சைஸுக்குப் பொருந்துகிறது என்று ஸ்கேலை வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிளவுக்குள் கை எப்படி உட்கார்ந்தது என்பதை வைத்தே எந்தக் கேமை எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும், இடுப்பில் தடவித் தேட வேண்டியிருக்காது.

ஸ்லிங் (வளையமாகத் தைத்த பட்டை) 60 செ.மீ. பத்து முதல் பன்னிரண்டு, 120 செ.மீ. இரண்டு, ஆங்கருக்கு (ஆளைப் பாறையோடு பிணைக்கும் கட்டு) 7 மி.மீ. நைலான் கயிறு 6 மீட்டர் ஆளுக்கு ஒன்று. ஆங்கரில் இரண்டு பக்கமும் பிரியும் கயிறுகளுக்கு இடையிலான கோணம் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. 60இல் ஒவ்வொரு கயிறும் எடையில் 58 சதவீதம் சுமக்கும். 120 ஆகிவிட்டால் ஒவ்வொன்றும் முழு எடையையும் சுமக்கும், பங்கு போட்டதற்கே அர்த்தமில்லை.

---

தரமணி_ஸ்லிங் | திங்கள், காலை 8:15

கருங்கல் அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். மணற்கல்லில கேம் ஏன் வேற மாதிரி நடந்துக்குதுன்னு புரிஞ்சாத்தான் வைக்கிற விதம் மாறும்.

கேமோட வளைவுக் கோணம் 14 டிகிரி சுமார். கீழ இழுக்கிற விசை எவ்வளவோ, அதுல ஏறக்குறைய ரெண்டு மடங்கு விசையோட ஒவ்வொரு பக்கச் சுவரையும் அது வெளியே தள்ளும். ஒருத்தர் விழுந்து கேம்ல 6 கிலோநியூட்டன் வந்துச்சுன்னா, ஒவ்வொரு சுவர் மேலயும் 12 கிலோநியூட்டன். குவார்ட்சைட் அதைத் தாங்கும், ஆனா வழவழப்பு ஜாஸ்தி. உராய்வுக் குணகம் 0.25 பக்கம் இருந்தாத்தான் கேம் நிக்கும்; பாசியோ ஈரமோ இருந்தா அது குறைஞ்சு அப்படியே வழுக்கிட்டு வந்துடும். மணற்கல்லில உராய்வு தாராளம், ஆனா கல்லு மெத்து. அங்க பாறையே பொடிஞ்சு கேம் தடம் போட்டுக்கிட்டு வெளிய வரும். ரெண்டு பாறையிலயும் கேம் பிடுங்கிக்கும், காரணம் நேர் எதிர்.

அதனால அங்க கேமை ஓரத்துல வைக்காதீங்க, முடிஞ்சவரைக்கும் உள்ள தள்ளி வைங்க. லோப் (கேமோட விரியுற வளைவுத் துண்டு) நாலும் சுவர்ல முழுசா படணும், பாதிக்கு மேல சுருங்கின நிலையில இருக்கணும். மெல்லிசான ஃப்ளேக் (பாறையிலேர்ந்து பிரிஞ்சு நிக்கிற தகடு) பின்னாடி வைக்கவே வேண்டாம். தட்டிப் பார்த்து பொள்ளுன்னு சத்தம் வந்தா அது வெளிய தள்ளுற விசையைத் தாங்காது.

மழை பெஞ்சா ஏறக் கூடாது. இது கட்டாயம். ஈரமான மணற்கல் வலு இழந்துடும், பிடியும் உடையும், கேமும் உருவிக்கிட்டு வரும். மேலாப்புல காய்ஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் நிக்கும். பாறையடி மண்ணை ரெண்டு விரல் ஆழம் தோண்டிப் பாருங்க. அடியில கறுப்பா, ஈரமா இருந்தா அன்னைக்கு நடக்கத்தான் போகணும். மார்ச் அங்க மழை வர்ற மாசம், ஒரு வாரத்துல ரெண்டு மூணு நாள் இப்படிப் போகலாம்னு வச்சுக்கிட்டே திட்டம் போடுங்க.

---

எழும்பூர்_பிளே | திங்கள், மதியம் 1:30

க்ளோஷர் விஷயத்துல ஒரு சந்தேகம். தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பேர், சத்தமில்லாம, ஒரு தடவை ஏறி இறங்கிடுறாங்க. கூடு நூறு மீட்டர் தள்ளி இருக்கு. அதுல பறவைக்கு என்ன ஆயிடும்? பாறை முழுசையும் மூடுறது கொஞ்சம் அதிகமாத் தெரியுது.

---

கூடுகாவல் | திங்கள், மாலை 7:20

கேட்க வேண்டிய கேள்விதான். விவரமாகவே எழுதுகிறேன்.

பொரி வல்லூறு சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டாது. பாறைத் திட்டில் இருக்கும் பொடி மண்ணைக் காலால் பறித்து ஒரு குழி செய்து அதில் மூன்று, நான்கு முட்டை இடும். ஒரு மாதம் அடைகாக்கும். குஞ்சு பறக்க இன்னும் ஆறு வாரம். இந்தக் காலத்தில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் கெடுவது வேறு.

முதல் கட்டம், இடம் தேர்ந்தெடுக்கும் நேரம். பிப்ரவரி, மார்ச். இணை திட்டுத் திட்டாகப் போய்ப் பார்க்கும். அப்போது ஆள் நடமாட்டம் தெரிந்தால் அந்தப் பாறையையே விட்டுவிடும். முட்டை உடையவில்லை, குஞ்சு சாகவில்லை, கண்ணுக்கு எந்தச் சேதமும் தெரியாது. ஆனால் அந்த ஆண்டு அந்தப் பாறையில் குஞ்சு இல்லை. மூடலை மார்ச் 1லேயே தொடங்குவது இதற்காகத்தான்.

இரண்டாவது, முட்டை. தாய் எழுந்து பறந்து உங்கள் தலைக்கு மேல் "கேக் கேக் கேக்" என்று கத்திக்கொண்டே சுற்றும். அந்த நேரம் முழுக்க முட்டை திறந்து கிடக்கும். யூட்டா மார்ச் காலையில் அது குளிரில் விறைக்கும். நம் ஊர் மார்ச் மதியத்தில் பாறையில் உள்ளங்கையை வைக்க முடியாது, அந்தச் சூட்டில் முட்டை வெந்தேவிடும். பிளே செய்பவர் (ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பவர்) ஒரு பிட்ச் முடிய எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். "ஒரு தடவை ஏறி இறங்குவது" என்றால் பறவைக்கு அது அரை நாள்.

மூன்றாவது, பறக்கத் தயாராகும் குஞ்சு. சிறகு முழுதாக முளைக்காத குஞ்சு மிரண்டால் திட்டிலிருந்து குதித்துவிடும். கீழே விழுந்ததைத் தாயால் மேலே தூக்க முடியாது.

நூறு மீட்டர் என்பது பக்கவாட்டில் ஒரு கணக்கு, மேலே இருந்தால் வேறு கணக்கு. கூட்டுக்கு மேலிருந்து வரும் எதையும் பறவை பொறுக்காது. ஸையான் போன்ற இடத்தில் உச்சி ஏறி ரேப்பெல் செய்துதான் (கயிற்றில் வழுக்கியபடி) இறங்க வேண்டும், கயிறு எந்தத் திட்டு மேல் விழும் என்று வீசுபவருக்குத் தெரியாது. ரூட்டை மட்டும் மூடாமல் பாறை முழுவதையும் மூடுவது அதனால்தான்.

அமெரிக்காவில் டிடிடி பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே நொறுங்கிப்போய், இந்தப் பறவை பல மாநிலங்களில் இல்லாமலே போனது. 1972இல் டிடிடியைத் தடை செய்தார்கள். 1999இல்தான் அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து வல்லூறு வெளியே வந்தது. அதே ஸையான் பாறையில் 2019இல் கலிஃபோர்னியா காண்டோர் (பெரிய பாறு இனம்) மீட்புத் திட்டத்தின் ஆயிரமாவது குஞ்சு பொரித்தது. ஏறுபவர்கள் சில மாதம் விட்டுக்கொடுத்ததற்கும் இதில் பங்குண்டு. நாம் விருந்தாளியாகப் போகும் இடத்தில் அதை மீற நமக்கு எந்த உரிமையும் இல்லை.

---

எழும்பூர்_பிளே | திங்கள், இரவு 9:02

முதல் கட்டம் பத்தி எனக்குத் தெரியவே தெரியாது. முட்டை இருந்தாத்தான் பிரச்சினைன்னு நினைச்சிருந்தேன். நன்றி மேடம்.

---

கருங்கல் | செவ்வாய், காலை 6:25

ஜாம் பழக்கத்துக்கு வருகிறேன். சென்னை ஜிம் சுவர்களில் பிடி பிடித்து ஏறத்தான் முடியும், பிளவு கிடையாது. வீட்டிலேயே செய்துகொள்வது நல்லது.

நான்கு அடி நீளம், எட்டு அங்குல அகலம், இரண்டு அங்குலக் கனத்தில் இரண்டு பலகை. பழைய கட்டட மரம் விற்கும் கடையில் கிடைக்கும், சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் பாருங்கள். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி மூன்று இடத்தில் 12 மி.மீ. மரை போட்ட கம்பி செருகி, ஒவ்வொரு பலகைக்கும் உள்ளே ஒரு நட்டு, வெளியே ஒரு நட்டு, நடுவில் அகல வாஷர். உள் நட்டை நகர்த்தினால் இடைவெளி மாறும். விரலுக்கு 22 மி.மீ., உள்ளங்கைக்கு 50 மி.மீ. வைத்துத் தொடங்குங்கள். உட்புறத்தை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துச் சிராய் இல்லாமல் செய்யுங்கள். வார்னிஷ் வேண்டாம், வழுக்கும். மொட்டை மாடித் தூணில் கட்டுவதானால் அசையாமல் கட்டுங்கள்; ஆடினால் தோள் கெடும்.

கை ஜாம்: கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையைச் செருகி, கட்டைவிரலைச் சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கைக்குள் மடக்க வேண்டும். அந்தச் சதை உப்பித்தான் பிடி வருகிறது. விரல்களை விறைத்துச் சுவரைத் தள்ளுவதால் வருவதில்லை. கால்: முழங்காலை வெளியே திருப்பிப் பாதத்தைச் செங்குத்தாக உள்ளே விட்டு, பிறகு முழங்காலை நேராக்கினால் பூட்டிக்கொள்ளும். கையை விட இதைத்தான் முதலில் பழக வேண்டும். காலை நம்பாதவர் முதல் பிட்சிலேயே முன்கை இறுகி நின்றுவிடுவார். மருந்துக் கடையில் ஜிங்க் ஆக்சைடு டேப் வாங்கிப் புறங்கையில் சுற்றுங்கள்; உள்ளங்கையை விட்டுவிடுங்கள்.

---

மடிப்பாக்கம்_லீட் | செவ்வாய், இரவு 8:50

ரொம்ப நன்றி. பலகைக்கு இந்த வாரமே போறேன். ஜனவரி, பிப்ரவரில நாகலாபுரம் பக்கம் குவார்ட்சைட்ல கேம் வைக்கப் பழகலாம்னு யோசனை. ஓடையை ஒட்டின அந்தப் பள்ளத்தாக்குச் சுவர் கேன்யன் மாதிரியே இருக்கே. அங்க இப்படி மூடல் எதுவும் இல்லை இல்லையா?

---

கூடுகாவல் | செவ்வாய், இரவு 10:30

அறிவிப்புப் பலகை இல்லை. பறவை இருக்கிறது.

நம் ஊரில் ஆண்டு முழுதும் இருக்கும் வல்லூறு ஷாஹின், பொரி வல்லூறின் கிளையினம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதன் கூட்டுக் காலம். கொம்பன் ஆந்தையும் அதே மாதங்களில் பாறைத் திட்டில் முட்டையிடும். நீங்கள் சொல்லும் ஜனவரி, பிப்ரவரி நட்ட நடுவில் விழுகிறது. நமக்குக் குளிர்காலம்தான் ஏற வசதி, பறவைக்கும் அதேதான் வசதி. இந்தச் சிக்கலுக்கு யாரும் நமக்குப் பட்டியல் போட்டுத் தரப் போவதில்லை.

ஆனால் சட்டம் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் "வேட்டை" என்பதன் வரையறைக்குள்ளேயே பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வருகிறது. அதோடு நாகலாபுரம் ஆந்திர வனத்துறையின் காடு, ரேஞ்ச் அலுவலகத்தில் கேட்காமல் போகக் கூடாது. பெங்களூரு பக்கம் ராமநகரத்தில் ஏறுபவர்களுக்குத் தெரியும், அங்கே கருங்கழுத்துப் பாறு கூடு கட்டும் ராமதேவர பெட்டாவை 2012இல் பாறுகளுக்கான சரணாலயமாகவே அறிவித்தார்கள். நீலகிரி வரையாடு குட்டி போடும் நேரத்தில் இரவிகுளத்தை மூடுவதை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறோம். பாறைக்கு மட்டும் ஏன் கூடாது?

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். கயிற்றை எடுக்கும் முன் எதிர்க்கரையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள், 8x42 பைனாகுலர் போதும். திட்டுக்குக் கீழே வெள்ளைக் கோடு வழிந்திருக்கிறதா? எச்சக்கோடு திட்டின் விளிம்பில் தடித்துத் தொடங்கிக் கீழே போகப் போக மெலியும். பிளவிலிருந்து கசிந்த சுண்ணாம்புக் கறை சாம்பல் பூத்துப் பாறையோடு ஒட்டியிருக்கும், திட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. மாடப்புறா எச்சம் பல இடங்களில் சிதறிக் கிடக்கும்.

அடுத்து பாறையடி. ஒரு புறாவின் இரண்டு இறக்கைகளும் மார்பெலும்போடு சேர்ந்தபடி கிடக்கும், இறைச்சி மட்டும் இருக்காது. அந்த எலும்பின் நடு முகட்டை உற்றுப் பாருங்கள், சின்னச் சின்ன முக்கோண வெட்டுகள் தெரியும். வல்லூறின் அலகு கடித்த இடம் அது. நாயோ கீரியோ தின்றால் இறக்கை தனித்தனியாகப் பிய்ந்திருக்கும். எலி எலும்பும் முடியும் சுருண்ட உருண்டைகள் கிடந்தால் மேலே ஆந்தை.

இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் மே கடைசிவரை அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். ஏறும்போது தெரிந்தால், வல்லூறு கத்தித் தலைக்கு மேல் பாய்ந்தால், அங்கேயே ஒரு நல்ல நட்டை விட்டுவிட்டு இறங்கிவிடுங்கள். ஒரு நட்டின் விலை பெரிதல்ல. கூடு இருக்கும் இடத்தை மட்டும் இங்கே எழுதாதீர்கள், படமும் போடாதீர்கள். குஞ்சு திருடுபவர்களும் கேமராவோடு கிளம்புபவர்களும் இதைப் படிக்கிறார்கள். வனத்துறைக்குச் சொன்னால் போதும்.

---

தரமணி_ஸ்லிங் | புதன், காலை 7:45

மலைத்தேனீயையும் பாத்துக்கங்க. அதுவும் ஓவர்ஹேங் (வெளிய துருத்தின பாறை) அடியில ஒத்தை அடையாத் தொங்கும், ஒரு மீட்டர் அகலம்கூட இருக்கும். கிட்டப் போனா அடை மேல அலை அடிக்கிற மாதிரி தேனீங்க மினுங்கும். அது எச்சரிக்கை. உடனே நகரணும். சென்ட், பீடி, சிகரெட், ஊதுபத்தி, கூச்சல் எதுவும் கூடாது. கலைஞ்சுட்டா தரையில இருக்கிறவர் ஓடித் தப்பிக்கலாம், கயித்துல இருக்கிறவரால முடியாது. அடை கண்ணுல பட்ட சுவர்ல அதுக்குக் கீழயும் பக்கத்துலயும் ரூட்டே வேண்டாம். பிளே பண்றவர் லீடரை உடனே இறக்குற மாதிரி கயிறு நீளம் இருக்கணும்: 60 மீட்டர் கயிறுன்னா 28 மீட்டருக்கு மேல லீட் போகாதீங்க. கயித்து நுனியில முடிச்சு கட்டாயம். கொடுக்கை நகத்தால வழிச்சு எடுங்க. மூச்சு இழுத்தா, முகம் வீங்கினா 108.

இன்னொண்ணு, கேம் பராமரிப்பு. நம்ம கடல் காத்துல அச்சுல உப்பு படிஞ்சு ட்ரிக்கர் (கேமைச் சுருக்குற இழுபிடி) இறுகிடும். ஒவ்வொரு தடவையும் வந்ததும் நல்ல தண்ணியில கழுவி, நிழல்ல காயவச்சு, மெழுகு வகை உலர் லூப்ரிகென்ட் அச்சுல மட்டும் ஒரு சொட்டு. ஸ்லிங்ல படக் கூடாது. டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க. ஸையான் மணல் அச்சுக்குள்ள போனா எண்ணெய் அதைப் பிடிச்சு வச்சுக்கும், அதனால அங்க போகக் கிளம்புறதுக்கு முன்னாடி எண்ணெய் வகை எதுவும் போடாதீங்க.

---

மடிப்பாக்கம்_லீட் | புதன், இரவு 9:35

எல்லாருக்கும் நன்றி. திட்டத்தை மாத்திட்டேன். ஜனவரிலேர்ந்து மாடில பலகைல ஜாம். கேம் பழக்கம் தரையிலேயே: பள்ளத்தாக்குக்குப் போகாம, வீட்டுப் பக்கம் கல்குவாரிச் சுவர்ல ஆள் உயரத்துல வச்சு, ஸ்லிங் மாட்டி, அதுல முழு எடையும் குதிச்சுப் பாக்குறது. அங்க போய் முதல் ரெண்டு நாள் ஒரு பிட்ச் ரூட் மட்டும். மழை நாளுக்கு நடைபாதை. அங்க ராத்திரி சுவர்ல தங்குற எண்ணம் இல்லை, அதனால பெர்மிட் வேண்டாம்தானே?

---

கருங்கல் | வியாழன், காலை 6:10

பகலில் ஏறி இறங்குவதற்குப் பெர்மிட் வேண்டாம். சுவரில் இரவு தங்கினால்தான் வேண்டும்.

குவாரித் திட்டத்தில் ஒரு திருத்தம். வெடி வைத்து உடைத்த சுவரில் பிளவுகள் தளர்ந்திருக்கும், கேமில் குதித்தால் கல்லே பெயர்ந்து காலில் விழும். ஓடும் குவாரிக்குள் போகவும் கூடாது. தனிப் பெரும்பாறை உள்ள இடமாகப் பாருங்கள், ஹெல்மெட்டோடு. குதிப்பதை விட 120 செ.மீ. ஸ்லிங்கில் கால் வைத்து மெதுவாக ஏறி நின்று, பிறகு சின்னதாக அழுத்துங்கள். கேம் நகர்ந்தால் எந்தப் பக்க லோப் முதலில் நழுவியது என்று குனிந்து பாருங்கள், ஆனால் முகத்தைக் கேமுக்கு நேராக வைக்காதீர்கள். பிடுங்கினால் நேராகப் பல்லுக்குத்தான் வரும். செகண்டாக (லீட் செய்பவருக்குப் பின்னால் ஏறி) வருபவருக்கும் தனி நட் டூல் (சிக்கிய நட்டை நெம்பி எடுக்கும் கருவி) ஒன்று, ஹார்னஸில் கயிறு கட்டி.